கிணற்றுக்கும் கால்வாய்க்கும் நடுவே

டம்! டம்! டம்!

ஐஸ் பிளாண்டின் தகரக் கேட்டில் காலிக் குடங்கள் மோதின. எவர்சில்வர் குடங்கள், அலுமினியக் குடங்கள். பிளாஸ்டிக் குடம் கொண்டுவந்தவர்கள் சத்தம் போதவில்லை என்று காலால் உதைத்தார்கள்.

சௌகத் அலி லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே ஓடி வந்தார்.

"இன்னாம்மா இது, காலங்காத்தால? போன வாரம்தான் கேட்டுக்கு பெயிண்ட் அடிச்சேன்!"

"கேட்டுக்கு பெயிண்ட் அடிச்ச. எங்க வாயில மண்ணை அடிச்ச. ரெண்டும் நல்லாத்தான் அடிச்சிகீற பாய்" என்றாள் பிரபாவதி. சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்தில் மகளிர் குழுத் தலைவி. அவள் பின்னால் முப்பது பெண்கள். "ரிப்போர்ட்டு வந்திடுச்சு. உன் மோட்டாருதான் கால்வாத் தண்ணிய இழுத்துகினு வந்து எங்க கெணத்துல வுடுதாம். சயின்டிஸ்ட் அம்மாவே எழுதிக் குடுத்துட்டாங்க. வெள்ளிக்கெழமை செங்கல்பட்டுல ஆர்.டி.ஓ. விசாரணை. அன்னிக்கே சீலு."

"சீல் வச்சா உங்க வூட்டு ஆம்பளைங்க புடிச்சுகினு வர்ற மீனை எதுல போட்டு அனுப்புவீங்க?"

"மீனு கெட்டா கருவாடு ஆவும். தண்ணி கெட்டா இன்னா ஆவும், சொல்லு?"

சௌகத் அலி பெயிண்ட் உரிந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். பன்னிரண்டு வருஷம் அடுத்தவர் ஐஸ் வண்டி ஓட்டிவிட்டு, அவர் சொந்தமாக எழுப்பிய பிளாண்ட் இது. பதினான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். வெள்ளிக்கிழமை சீல் வைத்தால் சனிக்கிழமை அவர் மறுபடியும் யாரிடமாவது போய் வண்டிச் சாவி கேட்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில்.

அது 2001, ஆனி மாதம். புதன்கிழமை.

ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுவது நல்லது. கிழக்கே கடல். அதையொட்டி நீளமாக ஒரு மணல்மேடு. மேட்டின் மேற்குச் சரிவில் ஐஸ் பிளாண்ட். அதற்குக் கீழே நூறு தப்படியில் ஊர்க் கிணறு. இன்னும் கீழே பக்கிங்காம் கால்வாய். கடல் ஏறினால் கால்வாயும் ஏறும். நாக்கில் வைக்க முடியாத உப்பு. ஆனால் கிணற்றில் காலம் காலமாக நல்ல தண்ணீர். மணல்மேட்டில் விழுந்த மழை மணலுக்குள் இறங்கித் தேங்கி நின்று, மெல்ல மெல்லக் கால்வாயை நோக்கி நகரும்போது வழியில் கிணற்றில் தலைகாட்டிவிட்டுப் போகும். அந்தத் தண்ணீர்தான் போன தை மாதம் கரிக்க ஆரம்பித்தது.

குடச்சத்தத்தின் நடுவே ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவள் கல்யாணி. சென்னையில் ஒரு நீர் ஆய்வு அலுவலகத்தில் விஞ்ஞானி. அந்த ரிப்போர்ட்டை எழுதியவள் அவள்தான்.

பெண்கள் குடங்களை இறக்கி வழிவிட்டார்கள். பிரபாவதி கைகூப்பினாள். சௌகத் அலி கூப்பவில்லை.

"வாங்க மேடம். என் பிளாண்டுக்கு நாள் குறிச்சிட்டீங்க. சாமான் எடுத்து வைக்க உதவி பண்ண வந்தீங்களா?"

"கடைசி ரீடிங் ஒண்ணு எடுக்கணும் பாய். விசாரணையில கேப்பாங்க."

"எடுங்க, எடுங்க. என்னைத் தவிர எல்லாத்தையும் எடுத்துட்டீங்க."

கல்யாணி கிணற்றுப் பக்கம் நடந்தாள்.

அவள் கணக்கு எளிமையானதுதான். மண்ணுக்குள்ளும் தண்ணீர் உயரத்திலிருந்து தாழ்வுக்குத்தான் போகும். கிணற்று நீர்மட்டம் கால்வாய் மட்டத்தைவிட உயரமாக இருந்தால் கிணற்றுப் பக்கத்துத் தண்ணீர் கால்வாய்க்குப் போகிறது. தாழ்வாக இருந்தால் கால்வாய் உள்ளே வருகிறது. போன ஐப்பசியில் வந்து கிணற்றின் கைப்பிடிச் சுவர் விளிம்பில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டாள். அந்தக் கோடு கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று கருவி வைத்து அளந்தாள். கால்வாயில் ஒரு அளவுகோலை நட்டாள். கோட்டிலிருந்து தண்ணீர் எத்தனை ஆழம் என்று அளந்து, அந்த உயரத்திலிருந்து கழித்தால் கிணற்று மட்டம் வந்துவிடும்.

பதினைந்து நாளுக்கொரு தரம் அளந்து தபாலில் அனுப்பும் வேலையை அமிர்தவல்லியிடம் ஒப்படைத்தாள். எட்டாவது படித்தவள், மீன் ஏலத்தில் கூவுகிறவள், நாள் தவறாதவள். மாமல்லபுரத்திலிருந்து பாலாற்று முகத்துவாரம் வரை கல்யாணிக்கு இப்படிப் பதினொரு கிணறுகள். அதனால் ஐப்பசிக்குப் பிறகு அவள் இந்தப் பக்கம் வரவில்லை. சோதனைக்குத் தண்ணீர் எடுத்துப்போக டிரைவர் ரவிச்சந்திரன் மட்டும் வந்து போனார்.

தை வரைக்கும் கிணறு கால்வாயைவிடப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரம். மாசியிலிருந்து எட்டு சென்டிமீட்டர் தாழ்வு. தண்ணீரும் உப்பு. பக்கத்தில் ஐஸ் பிளாண்டின் போர்வெல். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

அமிர்தவல்லி தயாராக நின்றாள். எஃகு நாடாவின் நுனியில் ஓர் அடி நீளத்துக்குச் சாக்பீஸைத் தேய்த்தாள். நாடாவை மஞ்சள் கோட்டில் ஒட்டிப் பிடித்துக் கிணற்றுக்குள் இறக்கினாள். வெளியே எடுத்தபோது சாக்பீஸ் நனைந்து கறுத்த இடம் துல்லியமாகத் தெரிந்தது.

"ரெண்டு அறுபத்தொண்ணு மேடம். நான் ஒருநாளும் மயிரிழை தப்ப மாட்டேன்."

"தெரியும் அமிர்தம்" என்று கல்யாணி நோட்டுப் புத்தகத்தைச் சுவரின்மேல் வைத்து எழுதக் குனிந்தாள்.

அத்தனை குனிய வேண்டியிருக்கவில்லை. ஐப்பசியில் தொடையளவு இருந்த சுவர் இப்போது இடுப்புக்குக் கிட்டே வந்து நின்றது.

அவள் நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினாள். ஐப்பசியில் தன் கையால் போட்ட படம். கிணறு, கோடு, தரையிலிருந்து விளிம்பு வரை அம்புக்குறி. பக்கத்தில் அறுபத்தைந்து சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தது. நாடாவை வாங்கித் தரையிலிருந்து அளந்தாள். எண்பத்து மூன்று.

"அமிர்தம், இந்தச் சுவரை யாராவது ஏத்திக் கட்டினாங்களா?"

"ஆமா மேடம். தையில தண்ணி கரிக்க ஆரம்பிச்சதுல்ல? தெருத் தண்ணி உள்ள வழியுதுன்னு பிரபாவதியக்கா சொன்னாங்க. மாசியில கொத்தனாரு ரெண்டு வரி செங்கல் வச்சுப் பூசினாரு. உங்க மஞ்சக் கோடு மறைஞ்சுபோச்சு. நான் சும்மா வுட்டனா? நானே பெயிண்டு வாங்கியாந்து, பழைய கோட்டுக்கு நேர் மேல, புதுச் சொவத்துல அதே மாதிரி போட்டேன். பாருங்க, எவ்ளோ நேரா கீது!"

கோடு நேராகத்தான் இருந்தது. பதினெட்டு சென்டிமீட்டர் உயரத்தில்.

கல்யாணி மனதுக்குள் கணக்கைத் திரும்பப் போட்டாள். கோடு பதினெட்டு ஏறினால் ஆழமும் பதினெட்டு கூடும். அவள் பழைய உயரத்திலிருந்தே கழித்துக்கொண்டிருந்தாள். கிணற்றுத் தண்ணீர் இறங்கவே இல்லை. காகிதத்தில் மட்டும் இறங்கியது. எட்டு தாழ்வு என்று அவள் எழுதியது உண்மையில் பத்து உயரம். தண்ணீர் எப்போதும் போலக் கால்வாய்க்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

அமிர்தவல்லி அவள் முகத்தைப் பார்த்தாள். "தப்பு பண்ணிட்டனா மேடம்?"

"நீ பண்ணலை. கிணத்தை வந்து பாக்காம கையெழுத்துப் போட்டது நான்."

கேட்டருகே நின்ற கூட்டத்திடம் அவள் அதை அப்படியே சொன்னாள். ஒளிக்கவில்லை, நீட்டவும் இல்லை. சொல்லி முடித்ததும் சௌகத் அலி வானத்தைப் பார்த்துக் கையேந்தினார். பிரபாவதி கல்யாணியைத்தான் பார்த்தாள்.

"இன்னா மேடம், பாய் வூட்ல நாஸ்தா நல்லா இருந்துச்சா?"

"அக்கா!" என்றாள் அமிர்தவல்லி.

"பின்ன இன்னா? திங்கக்கெழமை தாழ்வுன்னு எழுதுவீங்க, புதன்கெழமை ஒசரம்னு சொல்லுவீங்க. ரெண்டு செங்கல் வச்சதுக்குத் தண்ணி பாதை மாறிடுமா?"

"நம்ப வேண்டாம். நாளைக்குக் காலைல ஆறு மணிக்குக் கால்வாய்க்கு வாங்க. உங்க கண்ணாலேயே பாருங்க. பாய், நீங்களும் வரணும்."

மறுநாள் விடியும்போது ரவிச்சந்திரன் ஜீப்பிலிருந்து மூன்று அரைப் பீப்பாய்களை இறக்கினார். எண்ணெய்ப் பீப்பாயைக் குறுக்கே பாதியாக அறுத்து, மூடியில் ஒரு துளை போட்டு, துளையில் குழாய் செருகியிருந்தது. பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"இதுவா மிஷினு? எங்க வூட்ல வென்னீர் போடறதே இதைவிட நல்லா இருக்கும்."

"சயின்ஸும்மா, சயின்ஸு" என்றார் சௌகத் அலி. நேற்றிலிருந்து அவர் கல்யாணியின் கட்சி.

கல்யாணியும் அமிர்தவல்லியும் முழங்கால் தண்ணீரில் இறங்கி, பீப்பாய்களின் திறந்த பக்கத்தைக் கால்வாயின் அடிச்சேற்றில் அழுத்திப் புதைத்தார்கள். ஒவ்வொரு குழாயிலும் ஒரு பிளாஸ்டிக் பை. ஒவ்வொரு பையிலும் அளந்து ஊற்றிய ஒரு லிட்டர் தண்ணீர்.

"மண்ணுக்குள்ளேர்ந்து தண்ணி கால்வாய்க்கு வந்தா, பீப்பாய்க்குள்ள ஏறிப் பை பருக்கும். கால்வாய் மண்ணுக்குள்ள போனா, பைல இருக்கறதையும் உறிஞ்சிடும். அவ்வளவுதான்" என்றாள் கல்யாணி. "கடல் ஒரு தரம் ஏறி இறங்கற வரைக்கும் பாக்கணும். சாயந்திரம் ஆறரை ஆகும்."

"பன்னெண்டு மணி நேரம் ஒரு பிளாஸ்டிக் பையப் பாத்துகினு குந்தணுமா?" என்றாள் ஒருத்தி.

"நான் குந்தறேன்" என்றாள் பிரபாவதி, கரையில் சம்மணம் போட்டு. "எவனாவது நடுவுல தண்ணி ஊத்திட்டா?"

அவள் 'எவனாவது' என்றபோது யாரைப் பார்த்தாள் என்று சொல்ல வேண்டியதில்லை. சௌகத் அலியும் நாலு முழம் தள்ளி உட்கார்ந்தார்.

பத்து மணிக்கு முதல் தடவை பைகளை எடுத்து அளவு ஜாடியில் ஊற்றினார்கள். மூன்றிலும் சேர்த்து அறுநூறு மில்லி கூடியிருந்தது. ஒவ்வொரு பையிலும் மறுபடி ஒரு லிட்டர் ஊற்றி மாட்டினார்கள். பிரபாவதி மணலில் ஆறு கோடு கிழித்தாள். சௌகத் அலி ரவிச்சந்திரனைப் பார்த்துக் கண்ணடித்தார். சௌகத் அலியின் மனைவி ராபியா எல்லோருக்கும் டீ கொடுத்தனுப்பியிருந்தாள். பிரபாவதி தன் டம்ளரைத் தொடவில்லை. ஆறிய பிறகு எடுத்துக் குடித்தாள்.

கடல் ஏறியது. கால்வாய்த் தண்ணீர் மெதுவாகப் பின்னோக்கி ஓடி, கரையில் நட்ட அளவுகோலில் விரற்கடை விரற்கடையாக உயர்ந்தது. இரண்டு மணிக்கு மறுபடி அளந்தார்கள். இந்தத் தடவை பைகள் சுருங்கியிருந்தன. மொத்தத்தில் இருநூறு குறைவு.

பிரபாவதி இரண்டு கோட்டை அழித்தாள், மிக நிதானமாக.

"பாத்தியா பாய்? உள்ள போவுது."

சௌகத் அலி கல்யாணியிடம் திரும்பினார். "மேடம், இன்னா மேடம் இது? நேத்து ஒரு மாதிரி சொன்னீங்க..."

"கடல் ஏறினா கால்வாய் கொஞ்ச நேரம் கிணத்துப் பக்கம் தள்ளும். இறங்கினா விட்டுடும். ரெண்டும் சேந்த கணக்குதான் கணக்கு. அதனாலதான் நாள் முழுக்க உக்காரச் சொன்னேன். பதறாதீங்க."

"எனக்குப் பதறாம யாருக்குப் பதறும்? நாளைக்கு விசாரணை யாருக்கு?"

அவருடைய குரலில் கேலி இல்லாததைக் கண்டு பிரபாவதி முகத்தைக் கால்வாய்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கல்யாணி தானும் பதறிக்கொண்டிருப்பதை யாருக்கும் காட்டாமல், ஜீப்பில் ஏறி பஸ் ஸ்டாப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாள். பதினைந்து நாள் முன்பு ரவிச்சந்திரன் எடுத்துப்போன கிணற்றுத் தண்ணீர் லேபில் இருந்தது. முடிவு வரக் காத்திருக்காமல் ரிப்போர்ட்டை அனுப்பியிருந்தாள். அது அவள் செய்த இரண்டாவது அவசரம். இப்போது அதைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். வந்தவள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சாயந்திரம் கால்வாய் இறங்கியது. ஆறரைக்கு மூன்று பைகளும் வெளியே வந்தன. இந்தத் தடவை அளந்து பார்க்கவே தேவையில்லை, அமிர்தவல்லி இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. எழுநூறு மில்லி கூடுதல்.

பிரபாவதி ஏழு கோடு கிழித்தாள். மொத்தத்தை விரலால் எண்ணினாள். பதினொன்று. எல்லாம் கால்வாய்ப் பக்கம்.

"கால்வா உள்ள வரல. நம்ம பக்கத்துத் தண்ணிதான் வெளிய போவுது" என்றாள். பிறகு கொஞ்சம் கஷ்டப்பட்டு, "பாய், உன் மோட்டாரு இழுக்கல" என்றாள்.

சௌகத் அலி எழுந்து மணலைத் தட்டிக்கொண்டார். "சொன்னேன்ல! ஆறு மாசமா என் தலைய உருட்டினீங்களே. நாளைக்கு ஆர்.டி.ஓ. எதிர்ல இதையே சொல்லணும், ஆமா. என் கேட்டுக்கு பெயிண்டும் அடிச்சுக் குடுக்கணும்."

"அடிக்கறேன். கலரைச் சொல்லு" என்றாள் பிரபாவதி. உடனே கல்யாணி பக்கம் திரும்பினாள். "ஆனா மேடம், கால்வா வரல, சரி. அப்ப எங்க கெணத்துல உப்பு எங்கேர்ந்து வந்துச்சு? ஆகாசத்துலேர்ந்தா?"

கல்யாணி நோட்டைத் திறந்தாள்.

"மத்தியானம் அதைத்தான் கேட்டுட்டு வந்தேன். கடல் தண்ணியில உப்போட கூடவே புரோமைடுன்னு ஒண்ணு இருக்கும். கடல் தண்ணி எங்க போனாலும் அதுவும் அதே அளவுல கூடவே போகும். உப்பளத்துல தண்ணியைக் காயவச்சு உப்பு எடுக்கறப்போ மட்டும் ரெண்டும் பிரிஞ்சிடும். உப்பு கட்டியா அடியில நின்னுடும், புரோமைடு பெரும்பாலும் மிச்சத் தண்ணியில தங்கிடும். அந்தத் தண்ணியை வெளிய வடிச்சிடுவாங்க."

"சரி."

"உங்க கிணத்துல உப்பு நிறைய இருக்கு. புரோமைடு இருக்க வேண்டிய அளவுல இல்லை. அது கடல் உப்பும் இல்லை, கால்வாய் உப்பும் இல்லை அக்கா. மூட்டையில வர்ற உப்பு. யாரோ கரைச்சது."

சௌகத் அலிதான் முதலில் கையை நீட்டினார்.

"கருவாடு! மூட்டை மூட்டையா உப்பு போடறது யாரு? நீங்கதான். உங்க உப்பு உங்க கெணத்துல, என் பேருல பழி!"

"யோவ் பாய்!" பிரபாவதி எழுந்துவிட்டாள். "நாங்க கருவாடு காயப்போடறது கடலோரம். டச்சுக்காரன் கோட்டைக்கு அந்தாண்ட. மேட்டுக்குக் கெழக்க."

"அங்க கரையற உப்பு கடல் பக்கம்தான் போகும்" என்றாள் கல்யாணி. "மணல்மேட்டோட முதுகுதான் தண்ணிக்கும் முதுகு. இந்தப் பக்கம் விழுந்தது இந்தப் பக்கம், அந்தப் பக்கம் விழுந்தது அந்தப் பக்கம். கிணத்துக்கு வர்ற உப்பு, கிணத்துக்கு மேல, இந்தச் சரிவுல இருந்துதான் வரணும்."

எல்லோரும் திரும்பிச் சரிவைப் பார்த்தார்கள். நாலைந்து தாழம்புதர்கள். ஒரு ஒற்றைப் பனை. அதற்கு மேலே ஒரே ஒரு கட்டடம்.

"பாய்" என்றாள் கல்யாணி, குரலை உயர்த்தாமல். "ஐஸ் எப்படிப் போடறீங்க?"

"எப்படின்னா... கேன்ல நல்ல தண்ணி ஊத்துவோம். கேனைப் பெரிய தொட்டியில எறக்குவோம். தொட்டித் தண்ணி சில்லுன்னு ஆனா கேனுக்குள்ள ஐஸ் கட்டும்."

"தொட்டித் தண்ணி ஏன் கட்டறதில்லை?"

"அது..." சௌகத் அலி நிறுத்தினார். "அது உப்புத் தண்ணி மேடம். உப்பு போட்டா உறையாது."

"தொட்டி எங்க கசிஞ்சாலும் தெரியுமா உங்களுக்கு?"

"தரைக்குள்ள பாதி எறக்கிக் கட்டினது. மேல ஒண்ணும் ஈரம் இல்ல. நல்லாத்தான் கீது."

அவர் தப்பித்துக்கொள்ள அந்தப் பதில் போதும். நாளைக்குக் காலையில் அவர் கையில் கல்யாணியின் திருத்திய கணக்கு இருக்கும், பிரபாவதியின் சாட்சி இருக்கும். மோட்டார் இழுக்கவில்லை என்று ஊரே சொல்லும். அதற்கு மேல் அவரிடம் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. கேட்பதற்கு வேறு கேள்வி கல்யாணியிடமும் இல்லை. அவள் நோட்டை மூடிவிட்டாள்.

சௌகத் அலி நின்ற இடத்திலேயே நின்றார். பிளாண்டைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். அங்கே இரண்டு பெண்கள் தண்ணீரை இறைத்து, நாக்கில் வைத்துப் பார்த்து, பாத்திரம் கழுவ மட்டும் எடுத்துப் போனார்கள். பிறகு மெல்ல, கரை மணலில், பிரபாவதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மேடம்," என்றார், "தையிலேர்ந்து தொட்டிக்கு மாசத்துக்கு ரெண்டு மூட்டை உப்பு அதிகமா புடிக்குது... உப்புக்காரன் எடையில ஏமாத்தறான்னு நான் அவன்கூட சண்டை போட்டுகினு இருந்தேன்."